சிம்பொனிக்குள் கதை எங்கே இருக்கிறது?

ஃபின்லாந்துக்காரர் ஜான் சிபேலியஸ் எழுதிய ஐந்தாவது சிம்பொனியின் முடிவு கொஞ்சம் வில்லங்கமானது. அரை மணி நேரம் ஓடிய இசை உச்சத்துக்கு வந்ததும் மொத்த ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து ஒரே ஒரு கார்டை (பல சுரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிப்பது) அடித்துவிட்டு நின்றுவிடும். மௌனம். மறுபடி ஓர் அடி. மறுபடி மௌனம். இப்படி ஆறு அடிகள். நேரடிக் கச்சேரிகளில் இரண்டாவது அல்லது மூன்றாவது அடிக்குப் பிறகு யாராவது ஒருவர் முடிந்துவிட்டதென்று நினைத்துக் கைதட்டிவிடுவார். பக்கத்து இருக்கைக்காரர் முறைப்பார்.

தட்டியவர் பாவம், அவர்மேல் தப்பில்லை. எனக்கு ஆச்சரியம், மற்றவர்கள் எல்லாரும் எப்படித் தட்டாமல் இருக்கிறார்கள் என்பதுதான். அந்த மௌனத்தில் எந்தச் சத்தமும் இல்லை. பாட்டு வரி இல்லை, பாத்திரங்கள் இல்லை, திரை இல்லை. ஆனாலும் ‘இன்னும் பாக்கி இருக்கிறது’ என்பது அரங்கில் இருக்கும் முக்கால்வாசிப் பேருக்குத் தெரிகிறது. ஒரு கதையின் கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் நிற்கும்போது தெரியுமே, அதே மாதிரி.

சொல்லே இல்லாத இசையில் இந்தக் கதை உணர்ச்சி எங்கிருந்து வருகிறது? 1889-இலிருந்து 1920-கள் வரை ஐரோப்பாவில் எழுதப்பட்ட சில சிம்பொனிகளை வைத்து இதைப் பார்க்கலாம். இசை படிக்கத் தெரிந்திருக்க வேண்டாம். ஒரே ஒரு விஷயம் புரிந்தால் போதும்: ‘ச’ எங்கே இருக்கிறது என்பது.

நம் கச்சேரியில் தம்புரா ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஒரே ‘ச’வைப் பிடித்துக்கொண்டிருக்கும். பாடகர் எவ்வளவு தூரம் போனாலும் அந்த ‘ச’ அங்கேயே இருக்கும். மேற்கத்திய சிம்பொனியில் அப்படி ஒரு தம்புரா கிடையாது. ‘ச’வே நடுவழியில் இடம் மாறும். ஒரு ‘ச’வில் வீடு மாதிரி உட்கார்ந்திருந்த இசை, கொஞ்ச நேரத்தில் வேறொரு ‘ச’வுக்குக் குடிபோய்விடும். காது பழைய வீட்டை மறக்காமல் வைத்திருக்கும், எப்போது திரும்பப் போகிறோம் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். ‘டி மேஜர்’, ‘ஏ மைனர்’ என்றெல்லாம் சொல்வது இந்த வீட்டு முகவரியைத்தான். முதல் எழுத்து ‘ச’ எது என்று சொல்கிறது. மேஜர் என்றால் சங்கராபரணத்தின் சுரங்கள், மைனர் என்றால் ஏறக்குறைய நடபைரவியின் சுரங்கள் என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளலாம். மேஜர் வெளிச்சம், மைனர் நிழல் என்பது மேற்கில் ஊறிப்போன பழக்கம்.

இந்த வீடு மாறும் ஆட்டத்துக்கு ஒரு பழகிய பாதை இருந்தது. அதன் பெயர் சொனாட்டா வடிவம். முதலில் ஒரு மெட்டு, சொந்த வீட்டில். அப்புறம் இன்னொரு மெட்டு, வேறு வீட்டில். நடுவில் ஓர் அலைச்சல்: இரண்டு மெட்டுகளும் துண்டு துண்டாக உடைந்து, ‘ச’ எங்கே என்றே தெரியாதபடி ஊரெல்லாம் சுற்றும். பிறகு திரும்பல்: முதல் மெட்டு சொந்த வீட்டில் மறுபடி வரும், இந்த முறை இரண்டாவது மெட்டும் அதே வீட்டுக்குக் குடிவந்துவிடும். பிரச்சினை தீர்ந்தது. ஹைடனும் மொசார்ட்டும் இதை எந்தப் புத்தகத்தையும் பார்த்துச் செய்யவில்லை. 1840-களில்தான் பெர்லினில் ஏ. பி. மார்க்ஸ் என்ற ஆசிரியர் இதைப் பாடமாக எழுதி வைத்தார். அதற்குப் பிறகு ஐரோப்பிய இசைக் கல்லூரிகளில் எல்லாப் பிள்ளைகளும் இதைப் பயின்றார்கள். கச்சேரிக்கு வருபவர்களின் காதும் பழகிப்போனது.

இதோடு பீத்தோவன் வேறொன்றையும் சேர்த்துவிட்டார். 1808 டிசம்பர் 22 அன்று வியன்னாவில் அரங்கேறிய அவருடைய ஐந்தாவது சிம்பொனி சி மைனரில் தொடங்கிப் போராடி, கடைசிப் பகுதியில் சி மேஜர் வெளிச்சத்தில் வெடிக்கிறது. அந்த ‘த-த-த-தம்’ எல்லாருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய விளைவு, அது பழக்கிவிட்ட எதிர்பார்ப்பு. மைனரில் தொடங்குகிற ஒரு சிம்பொனி மேஜரில் முடியும், இருட்டில் போனவன் வெளிச்சத்தில் வருவான் என்று அதற்குப் பிறகு வந்த ரசிகர்கள் காத்திருக்கத் தொடங்கினார்கள்.

ஆக, வடிவம் என்பது ஒரு வாக்கு. இசையமைப்பாளர் வாய் திறக்காமலேயே கேட்பவருக்குக் கொடுக்கிற வாக்கு. கொடுத்த வாக்கு எப்போது, எப்படி நிறைவேறுகிறது, அல்லது நிறைவேறாமல் போகிறது என்பதில்தான் கதை இருக்கிறது. தியாகராஜரின் கீர்த்தனையில் பல்லவி திரும்பி வரும் என்று தெரிந்துதானே சரணத்தில் அவ்வளவு தூரம் போக முடிகிறது? அதே சங்கதி, இங்கே நாற்பது ஐம்பது நிமிடத்துக்கு இழுக்கப்படுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதைச் சுற்றி ஒரு பெரிய சண்டை நடந்தது. இசைக்கு வெளிக் கதையே தேவையில்லை, ஒலிகளின் அசைவே அதன் உள்ளடக்கம் என்று 1854-இல் விமர்சகர் எடுவார்ட் ஹான்ஸ்லிக் ஒரு சிறு நூலில் வாதிட்டார். அதே காலத்தில் ஜெர்மனியின் வைமார் நகரில் இசையமைப்பாளர் ஃபிரான்ஸ் லிஸ்ட் கவிதையையும் நாடகத்தையும் தழுவி ‘சிம்பொனிக் கவிதை’ என்ற புது வகையை உருவாக்கிக்கொண்டிருந்தார். இரண்டு கட்சியும் பல வருஷம் அடித்துக்கொண்டன. அந்தச் சண்டைக்குள் இப்போது போக வேண்டாம். அது ஓய்ந்த பிறகு வந்த தலைமுறைதான் சுவாரசியமானது.

ஆஸ்திரியாவின் குஸ்டாவ் மாலர் பிறந்தது 1860. பிரான்ஸின் டெபுஸி 1862. ஜெர்மனியின் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் 1864. சிபேலியஸும் டென்மார்க்கின் கார்ல் நீல்சனும் 1865. ஆறு வருஷத்துக்குள் பிறந்த இவர்களை ‘ஆரம்ப மாடர்னிஸ்டுகள்’ என்று ஒரு கூட்டமாகப் பார்க்கலாம் என்கிறார் அமெரிக்க இசையறிஞர் ஜேம்ஸ் ஹெபகோஸ்கி. ‘ச’வையே ஒழித்துக்கட்டும் வேலை பிற்பாடு வியன்னா இசையமைப்பாளர் ஷோன்பெர்க் கையில் நடந்தது. இவர்கள் அதைச் செய்யவில்லை. வீடு இருக்கிறது, பாதை இருக்கிறது, எல்லாருக்கும் அது மனப்பாடம். அந்த மனப்பாடத்தை வைத்தே விளையாடினார்கள். சொனாட்டா வடிவத்துக்குள் உட்காராமல் அதோடு பேச்சுவார்த்தை நடத்தினார்கள் என்று சொல்லலாம். பழமொழியின் பாதியைச் சொல்லி நிறுத்தினால் மீதியை நாமே முடித்துக்கொள்வோம் இல்லையா, அந்த மாதிரி.

1889 நவம்பரில் ஒன்பது நாள் இடைவெளியில் இரண்டு அரங்கேற்றங்கள் நடந்தன. நவம்பர் 11 அன்று வைமாரில் ஸ்ட்ராஸின் ‘டான் ஹுவான்’. நவம்பர் 20 அன்று புடாபெஸ்ட்டில் மாலரின் முதல் சிம்பொனி.

ஸ்ட்ராஸுக்கு அப்போது வயது 25. பெண் பித்தன் டான் ஹுவானைப் பற்றிக் கவிஞர் லெனாவ் எழுதிய கவிதைதான் மூலம், அதன் சில வரிகளை இசைக்குறிப்பு நோட்டிலேயே அச்சிட்டிருந்தார். ஆனால் கதையை இவர் சொல்லும் இடம் வேறு. இ மேஜரில் ஒரு துள்ளல் மெட்டு, அதுதான் நாயகன். இரண்டு காதல் இடையீடுகள். அப்புறம் விதிப்படி பழைய மெட்டுகளை உடைத்து அலைய விட வேண்டிய இடத்தில், நான்கு ஹார்ன்கள் ஒன்றாகச் சேர்ந்து அதுவரை கேட்டிராத ஒரு புத்தம் புது மெட்டை நெஞ்சை நிமிர்த்தி ஊதுகின்றன. இவ்வளவு நேரம் கழித்து உள்ளே வந்த இவன் யார்? அதே ஆள்தான், வேறு முகத்தோடு. கடைசியில் எல்லாம் உச்சத்துக்குப் போகிறது, சட்டென்று நிசப்தம். மெல்லிய மைனர் கார்ட் ஒன்று. அதற்குள் ட்ரம்பெட்கள் ஒரு பொருந்தாத சுரத்தைக் கத்தி மாதிரி இறக்குகின்றன. இசை இ மைனரில் முணுமுணுத்து அணைந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து சேர்ந்தாயிற்று, ஆனால் விளக்கு எரியவில்லை. கவிதையைப் படிக்காதவருக்கும் இவன் தோற்றுவிட்டான் என்பது புரியும். மொத்தம் பதினேழு பதினெட்டு நிமிடம்தான்.

மாலர் கதை நீளம். அவருடைய முதல் சிம்பொனி புடாபெஸ்ட்டில் ‘இரண்டு பாகங்களில் ஒரு சிம்பொனிக் கவிதை’ என்ற பெயரில் ஐந்து பகுதிகளாக வாசிக்கப்பட்டது. 1893-இல் ஹாம்பர்கில் அதற்கு ‘டைட்டன்’ என்று தலைப்பும் ஒவ்வொரு பகுதிக்கும் விளக்கமும் கொடுத்தார். 1896-இல் பெர்லினில் வாசித்தபோது தலைப்பும் இல்லை, விளக்கமும் இல்லை, ஒரு பகுதியும் காணோம். ‘டி மேஜர் சிம்பொனி’, அவ்வளவுதான். கதையை எழுதியவரே கிழித்துப் போட்டுவிட்டார். இதனால் இசைக்கு ஒரு குறையும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கதை எங்கே போனது என்று கடைசிப் பகுதியில் பார்க்கலாம். சிம்பொனியின் வீடு டி மேஜர். கடைசிப் பகுதியோ ஒரு ஜால்ரா அலறலோடு எஃப் மைனரில் திறக்கிறது. சொந்த ஊருக்குப் போகிற ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகு அது வேறெங்கோ போகிறது என்று தெரிவது மாதிரி. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு சி மேஜரில் ஒரு வெற்றி முழக்கம் கிளம்புகிறது. சரி, வெளிச்சம் வந்துவிட்டது என்று நினைக்கும்போது, அது இன்னும் வீடு இல்லை, பக்கத்து வீடு. அங்கிருந்து மாலர் படிப்படியாக அழைத்துப் போவதில்லை. மொத்த ஆர்கெஸ்ட்ராவையும் அள்ளி ஒரே தூக்காக டி மேஜரில் வைக்கிறார். அந்த டி கார்ட் வானத்திலிருந்து விழுந்த மாதிரி இருக்க வேண்டும் என்று அவரே தன் தோழி நத்தாலி பவர்-லெஹ்னரிடம் சொல்லியிருக்கிறார். பின்னாளில் ஜெர்மன் தத்துவவாதி தியடோர் அடோர்னோ இந்த மாதிரி இடங்களுக்கு ‘உடைப்பு’ என்று பொருள்படும் ஒரு ஜெர்மன் சொல்லைச் சூட்டினார். ஏரி உடைப்பெடுப்பது போல, வடிவத்தின் கரையை வெளியிலிருந்து ஏதோ உடைத்துக்கொண்டு உள்ளே வருகிறது என்ற அர்த்தத்தில்.

எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்து நடப்பது. வெற்றி கிடைத்துவிட்டது, கச்சேரியை முடித்துவிடலாம். ஸ்ட்ராஸுக்கும் அப்படித்தான் தோன்றியது. 1894-இல் இதே சிம்பொனி வைமாரில் வாசிக்கப்பட்டபோது, இந்த டி மேஜர் இடத்திலிருந்து நேராகக் கடைசிக்குத் தாவிவிட்டால் என்ன என்று நண்பருக்கு யோசனை சொன்னார். மாலர் ஒப்புக்கொள்ளவில்லை. அது வெறும் தோற்ற வெற்றி, ஆள் முழுதாக உடைந்து திரும்பிய பிறகே உண்மையான வெற்றி வரும் என்ற பொருளில் பதில் எழுதினார். அதனால்தான் அந்த ஆரவாரம் அடங்கி, முதல் பகுதியின் விடியற்கால ஒலிகள் நினைவு மாதிரி மெல்ல வந்துபோகின்றன. எஃப் மைனர் போராட்டம் மறுபடி பதுங்கிப் பதுங்கித் தொடங்குகிறது. இரண்டாவது முறை டி மேஜர் வரும்போது ஹார்ன் வாசிப்பவர்கள் எழுந்து நின்று ஊத வேண்டும் என்று நோட்டிலேயே எழுதியிருக்கிறார். இரண்டு பெரிய இசையமைப்பாளர்கள் கதாநாயகன் பெயரையோ சம்பவத்தையோ பேசவில்லை பாருங்கள். எந்த இடத்தில் எந்த ‘ச’ வருகிறது, அதை வெட்டலாமா கூடாதா என்றுதான் பேசுகிறார்கள். அந்தப் பேச்சே கதையைப் பற்றிய பேச்சு.

இப்போது அதே மனிதர் வாக்கை மீறும் இடத்துக்கு வருவோம். மாலரின் ஆறாவது சிம்பொனி, ஏ மைனர், 1906 மே 27 அன்று ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் அரங்கேறியது. கிட்டத்தட்ட எண்பது நிமிடம். ஆரம்பத்திலேயே ஒரு முத்திரை வருகிறது: கீழே டிம்பனி என்ற பெரிய முரசு ஒரு படையணி அடியை அடிக்க, மேலே ட்ரம்பெட்கள் ஏ மேஜர் கார்டை உரக்கப் பிடிக்கின்றன. ஒலி மங்கிக்கொண்டே வரும்போது அதில் ஒரே ஒரு சுரம் அரை ஸ்தானம் கீழே இறங்குகிறது. அவ்வளவுதான், மேஜர் மைனராகிவிட்டது. அந்தர காந்தாரம் சாதாரண காந்தாரமாகிறது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பீத்தோவன் ஏறக்குறைய அரை மணி நேரம் எடுத்து மைனரை மேஜராக்கினார். மாலர் அதைத் தலைகீழாகத் திருப்பி நாலைந்து நொடியில் முடித்துவிட்டு, இதுதான் இன்றைய கதை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். நாம்தான் நம்புவதில்லை. முதல் பகுதி ஏ மேஜரில் கொண்டாட்டமாக முடியும்போது, சரி, மனசு மாறிவிட்டார் என்று நினைத்துக்கொள்கிறோம்.

கடைசிப் பகுதி அரை மணி நேரம். இதற்கென்று மாலர் ஒரு சுத்தியலைக் கேட்டார். உலோகச் சத்தம் கூடாது, கோடரி மரத்தில் விழுவது போல் குட்டையான, மந்தமான, பலத்த அடியாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இன்றைக்கும் ஆர்கெஸ்ட்ராக்கள் இதற்காகப் பெரிய மரப்பெட்டி செய்து, பெரிய மரச் சுத்தியலால் அடிக்கின்றன. வியன்னாவின் நகைச்சுவைப் பத்திரிகை ஒன்று மாலரைக் கண்டபடி கருவிகளுக்கு நடுவே நிற்க வைத்து, ‘ஐயோ, கார் ஹாரனை மறந்துவிட்டேனே!’ என்று புலம்புவதாகக் கேலிப்படம் போட்டது.

கேலி இருக்கட்டும். சுத்தியல் எங்கே விழுகிறது என்பதுதான் விஷயம். இசை மெல்ல மெல்ல ஏறி, மேஜரின் வெளிச்சம் தெரிந்து, இதோ உடைப்பெடுக்கப் போகிறது என்ற கணத்தில் முதல் அடி. முதல் சிம்பொனியில் வானத்திலிருந்து டி மேஜர் விழுந்ததே, அதே இடத்தில் இங்கே சுத்தியல் விழுகிறது. மறுபடி நம்பிக்கை திரளும்போது இரண்டாவது அடி. இதற்கிடையே அந்தப் பகுதியின் மர்மமான முன்னுரை நான்கு முறை திரும்பத் திரும்ப வருகிறது, ஒவ்வொரு தடவையும் ‘மறுபடி முதலிலிருந்து’ என்பது போல. மாலர் முதலில் மூன்று அடிகள் எழுதியிருந்தார், திருத்தும்போது மூன்றாவதை எடுத்துவிட்டார். மூன்றாவது அடி விழுந்திருக்க வேண்டிய இடத்தில் நாயகன் ஏற்கனவே எழ முடியாத நிலையில் இருக்கிறான். கடைசியில் டிராம்போன்களும் டியூபாவும் அடியில் முனகிக்கொண்டிருக்க, எதிர்பாராமல் முத்திரை கார்ட் ஓங்கி வெடிக்கிறது. இந்த முறை மேஜர் இல்லை. நேராக மைனர்தான். டிம்பனியின் அதே படையணி அடி தேய்ந்து, ஒரு சொட்டு மாதிரி ஒரு சுரம், முடிந்தது.

இந்தச் சிம்பொனியைப் பற்றி எங்கே படித்தாலும் ஒரு கதை வரும். 1907-இல் மாலரின் மூத்த மகள் இறந்தாள், வியன்னா ஆபரா வேலை போனது, இதய நோய் தெரிய வந்தது, மூன்று அடிகளும் இவற்றின் முன்னறிவிப்பு என்று. மனைவி ஆல்மா எழுதிய நினைவுக் குறிப்புகள் கிளப்பிவிட்டது. மாலர் சிம்பொனியை எழுதியது 1903, 1904 கோடைகளில். இரண்டு வருஷத்துக்கு மேல் கழித்து நடந்தவற்றைப் பின்னோக்கி ஒட்டவைப்பது எனக்கு உவப்பாக இல்லை. அந்தச் சோகம் உண்மை. ஆனால் சுத்தியல் நம்மை உலுக்குவதற்கு அந்தத் தகவல் தேவையில்லை. நூறு வருஷமாகப் பழகிய வாக்கு கண்ணெதிரே உடைவதே போதும்.

1907 இலையுதிர் காலத்தில் மாலர் ஹெல்சிங்கிக்குக் கச்சேரி நடத்தப் போனபோது சிபேலியஸைச் சந்தித்தார். சிம்பொனி என்றால் என்ன என்று பேச்சு வந்தது. அதன் கண்டிப்பும், எல்லா மெட்டுகளுக்கும் இடையே உள்ளுக்குள் ஓடும் ஆழமான தர்க்கமும்தான் தனக்குப் பிடித்தது என்றார் சிபேலியஸ். மாலர் மறுத்தார்: இல்லை, சிம்பொனி உலகத்தைப் போல் இருக்க வேண்டும், அதற்குள் எல்லாமே அடங்க வேண்டும். இந்த உரையாடலைப் பிறகு சிபேலியஸ்தான் தன் வரலாற்றை எழுதியவரிடம் சொன்னார், அதனால் அவர் பக்கத்து நினைவு இது.

சிபேலியஸின் தர்க்கம் எப்படிப்பட்டது என்பதற்கு மறுபடி ஐந்தாவது சிம்பொனி. 1915 டிசம்பர் 8, அவருடைய ஐம்பதாவது பிறந்தநாள். ஃபின்லாந்தே அதைக் கொண்டாடியது. அன்று ஹெல்சிங்கியில் அவரே நடத்தி அரங்கேற்றினார். திருப்தி வரவில்லை. 1916-இல் திருத்தினார், மறுபடி திருத்தி 1919-இல்தான் முடித்தார். முதல் வடிவத்தில் நான்கு பகுதிகள் இருந்தன. திருத்தியபோது முதல் இரண்டையும் தையல் தெரியாமல் ஒன்றாக்கிவிட்டார்: நிதானமாகத் தொடங்கும் இசை எந்த இடத்தில் வேகமான ஆட்டமாக மாறியது என்று கேட்பவரால் விரல் வைத்துச் சொல்ல முடியாது. எழுதிக்கொண்டிருந்த நாட்களில் அவர் டைரியில் ஒரு வரி: கடவுள் வானத்தின் தரையிலிருந்து மொசைக் துண்டுகளைக் கீழே வீசிவிட்டு, அது எப்படி இருந்தது என்று கண்டுபிடி என்று தன்னைக் கேட்டது போல் இருக்கிறதாம்.

துண்டுகளை அவர் ஒட்டிய முறைக்கு ஹெபகோஸ்கி ‘சுழற்சி வடிவம்’ என்று பெயர் வைத்தார். சொனாட்டா என்பது போய்வரும் பயணம். சுழற்சி வேறு. பெரிய கோயிலில் பிராகாரம் சுற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். வெளிப் பிராகாரத்தில் ஒரு சுற்று, அடுத்ததில் ஒரு சுற்று. அதே திசைகள், அதே வரிசை, ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் கருவறை கொஞ்சம் கிட்டே வருகிறது. சிபேலியஸ் ஒரு வரிசையில் சில மெட்டுத் துணுக்குகளை அடுக்குகிறார். பிறகு அதே வரிசையை மறுபடி சுற்றுகிறார். கொஞ்சம் மாறியிருக்கும், கொஞ்சம் வளர்ந்திருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஓரமாக ஏதோ ஒன்று கருக்கொண்டு வருகிறது. எதிரி இல்லை, சண்டை இல்லை. ‘அடுத்து என்ன நடக்கும்’ என்பதைவிட, ‘இது என்னவாக ஆகப்போகிறது’ என்பதுதான் இங்கே கதை.

அது என்னவென்று அவருக்கு முன்பே தெரியும். 1915 ஏப்ரல் 21, காலை பதினொன்றுக்குப் பத்து நிமிடம். யார்வன்பாவில் அவர் வீட்டருகே பதினாறு அன்னங்கள் தலைக்கு மேல் வெகு நேரம் வட்டமிட்டு, வெயில் மூட்டத்தில் வெள்ளி நாடா போல மறைந்தன. தன் வாழ்க்கையின் மிகப் பெரிய அனுபவங்களில் ஒன்று என்று டைரியில் எழுதி வைத்தார். அந்த அன்னங்கள்தான் கடைசிப் பகுதியில் ஹார்ன்கள் ஊஞ்சல் மாதிரி ஆடி ஆடி ஊதும் மெட்டு. அதே மெட்டு அடியில் டபுள் பேஸ்களில் மூன்று மடங்கு மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும், ஹெட்போனில் கவனித்தால் பிடிபடும். இதன் சாயல் இரண்டாவது பகுதியிலேயே, மேலே புல்லாங்குழல்கள் ஏதோ எளிமையாக வாசித்துக்கொண்டிருக்கும்போது, அடியில் பேஸில் யாருக்கும் தெரியாமல் ஒருமுறை தலைகாட்டிவிட்டுப் போயிருக்கும். முதல் தடவை யாரும் கவனிப்பதில்லை. நானும் கவனிக்கவில்லை. எத்தனையோ தடவைக்குப் பிறகு ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது காதில் விழுந்தது, குழாயை நிறுத்திவிட்டு நின்றேன்.

ஒரு வேடிக்கை. பிரிட்டிஷ் விமர்சகர் டொனால்ட் டோவி இதே ஹார்ன் மெட்டைக் கேட்டு, வடநாட்டு இடிக் கடவுள் தோர் சுத்தியலைச் சுழற்றுவது போல் இருக்கிறது என்று எழுதினார். எழுதியவருக்கு அன்னம், கேட்டவருக்குச் சுத்தியல். யார் சொன்னது சரி என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் அது கடைசிப் பகுதியில் இரண்டாவது முறை வரும்போது அரும்பாடுபட்டு வருகிறது, சுரங்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு, ஈ ஃபிளாட் மேஜர் என்ற சொந்த வீட்டுக்கு அங்குலம் அங்குலமாக நகர்கிறது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு வந்திருக்காது. காட்சி நம் சொந்தச் சரக்கு, பாரம் எல்லாருக்கும் பொது.

வீடு வந்த பிறகுதான் அந்த ஆறு அடிகள். 1915-இல் முதலில் கேட்டவர்களுக்கு இந்த மௌனங்கள் இப்படி வெறுமையாகக் கிடைக்கவில்லை. அடிகளுக்கு இடையே தந்திக் கருவிகள் நடுங்கிக்கொண்டே இருந்தன. பிற்பாடு அதையும் துடைத்துவிட்டார். இவ்வளவு நேரம் நிற்காமல் சுழன்றுகொண்டிருந்த இசை முதல் தடவையாக நிற்கிறது, மௌனத்தில் நம் காது தானாகவே சுழன்றுகொண்டிருக்கிறது. ராட்டினத்திலிருந்து இறங்கினவனுக்குத் தரை சுற்றுமே, அது. கைதட்டிவிட்டவருக்கு ராட்டினம் நின்றது தெரிந்துவிட்டது, தலை சுற்றவில்லை, அவ்வளவே வித்தியாசம்.

நீல்சனையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1922 ஜனவரியில் கோபன்ஹேகனில் அரங்கேறிய அவருடைய ஐந்தாவது சிம்பொனியின் முதல் பகுதியில் ஒரு ஸ்னேர் டிரம்காரர் இருக்கிறார். ஆர்கெஸ்ட்ரா ஒரு விரிந்த, அழகான பாட்டைப் பாடிக்கொண்டிருக்கும்போது இவர் தனக்கென்று ஒரு வேகத்தில் புகுந்து, என்ன ஆனாலும் சரி, இவர்களை நிறுத்தியே தீருவேன் என்பது போல் இஷ்டத்துக்கு அடிக்க வேண்டும் என்பது நோட்டில் உள்ள கட்டளை. எழுதப்பட்ட வடிவத்துக்கு எதிரி எழுதப்படாத தாளம். யார் ஜெயித்தார் என்று சொல்லமாட்டேன். 1924-இல் ஸ்டாக்ஹோமில் இதைக் கேட்டவர்களில் ஒரு பகுதியினர் நடுவிலேயே எழுந்து போய்விட்டார்கள்.

புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் கதைச் சுருக்கத்தை முதலில் படிக்காமல் இருப்பது நல்லது. படித்தால் எந்த இடம் எந்தச் சம்பவம் என்று தேடிக்கொண்டிருப்போம், இசை ஓடிவிடும். சிபேலியஸின் கடைசிப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்பது பத்து நிமிடம். ஒரு வாரம் கழித்து முழுதாக. அப்புறம் டான் ஹுவான். மாலரின் முதல் சிம்பொனிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். ஆறாவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதை மட்டும் ஒலியாகக் கேட்காமல் வீடியோவாகப் பாருங்கள். மேடையின் பின்வரிசையில் மரப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒருவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் சும்மா உட்கார்ந்திருப்பார். கடைசிப் பகுதியில் இசை மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது அவர் எழுந்து சுத்தியலை எடுப்பது, சத்தம் வருவதற்கு முன்பே, நமக்குத் தெரிந்துவிடும். வயலின்காரர்களுக்குத் தெரியாது, அவர்கள் முதுகுக்குப் பின்னால் நடக்கிறது. ஆர்கெஸ்ட்ரா நடத்துநர்களில் பெரும்பாலோர் இரண்டு அடியோடு நிறுத்திக்கொள்வார்கள். லெனார்ட் பெர்ன்ஸ்டைன் போலச் சிலர் மூன்றாவதையும் சேர்ப்பார்கள். நீங்கள் பார்க்கும் பதிவில் எத்தனை என்று முன்கூட்டியே தேடிவிடாதீர்கள்.